ஒன்பது மாதக் கடலும் 90 நாள் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வடசென்னை காலடிப்பேட்டையில் வசிப்பவன். சரக்குக் கப்பல்களில் ஏ.பி. என்று சொல்லப்படும் மாலுமி வேலையில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்து, சிங்கப்பூரில் சைன் ஆஃப் ஆகி, அதாவது பணி முடித்துக் கப்பலிலிருந்து இறங்கி, வீடு திரும்பி இன்றோடு முப்பத்தாறு நாள் ஆகிறது. ஆனால் என் கைப்பேசி எண் கைவிட்டுப் போனதால், ஊரில் உள்ள எந்தக் கணினியைக் கேட்டாலும் நான் இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் சொல்கிறது. இது என் ஒருவனுடைய சிக்கலாக இருந்தால் தங்கள் நாளிதழின் இடத்தைக் கேட்டிருக்க மாட்டேன். காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று இந்தக் கரையோரத்தில் தெருவுக்கு ஒருவராவது கப்பலுக்கோ வளைகுடாவுக்கோ போய்த் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

விமான நிலையத்திலேயே தொடங்கியது. முன்பெல்லாம் அங்கிருந்து எங்கள் பகுதிக்கு வர டாக்சிக்காரரிடம் பேரம் பேசி, பாரிமுனை நெரிசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, விமான நிலையத்தில் ஏறினால் காலடிப்பேட்டையில் இறங்கிவிடலாம். இந்த வசதியை நான் ஒவ்வொரு முறையும் ஒரு திருவிழாபோல அனுபவிப்பவன். இம்முறை டிக்கெட் எடுக்கக் கைப்பேசியில் பணம் செலுத்தும் செயலியைத் திறந்தேன். பதிவு செய்த சிம் இந்தக் கைப்பேசியில் இல்லை என்றது. சிம் உள்ளேதான் இருந்தது; ஒன்பது மாதமாக நான் அதைக் கழற்றவே இல்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று, மாலுமிகளின் பணிப்பதிவேடான சி.டி.சி. புத்தகத்தின் உறைக்குள் மடித்து வைத்திருந்த இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள்தான் அன்று என்னை வீடு சேர்த்தன. சுரங்கத்தில் வந்த வண்டி தண்டையார்பேட்டையைத் தாண்டி மேலேறி வெளிச்சத்துக்கு வந்தபோது வழக்கமாக வரும் நிம்மதி, அன்று பாதிதான் வந்தது.

எண் எப்படிப் போயிற்று என்பதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, முன்கட்டண எண் ஒன்றில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் அதைத் துண்டிக்கலாம். கணக்கில் இருபது ரூபாய் மீதம் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் முப்பது நாள் நீட்டிப்பு கிடைக்கும். துண்டித்த எண்ணை மேலும் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். நான் கிளம்பும்போது 28 நாளுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு, ‘நடுக்கடலில் சிக்னல் எங்கே வரப்போகிறது, வீண் செலவு வேண்டாம்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனவன். தவறில் என் பங்கும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

ஆனால் எண் செத்துப்போனது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பிரேசிலில் இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சீனா போய்ச் சேர நாற்பது நாள் போல ஆகும். அந்த நாற்பது நாளும் கப்பலின் செயற்கைக்கோள் இணையத்தில், வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பதை வைத்து, வாட்ஸ்அப்பில் வீட்டுக்குப் பேசிக்கொண்டேதான் இருந்தேன். சிம் உயிரோடு இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் ஓடும். சம்பளத்தில் வீட்டுச் செலவுக்கான அலாட்மென்ட் மனைவியின் கணக்குக்குப் போய்விடும்; மீதி மட்டும் என் கணக்கில் சேரும். எனவே யாருக்கும் எந்தச் சந்தேகமும் எழவில்லை. அறிவிப்பு ஏதாவது அனுப்பியிருந்தால், அது செத்த எண்ணுக்குத்தான் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் மனைவியின் கைப்பேசியிலிருந்து என் எண்ணை அழைத்துப் பார்த்தேன். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பெரியவர் எடுத்தார். பட்டன் போனில் இரண்டு மாதமாக அந்த எண்ணைப் பயன்படுத்துகிறாராம். விவரம் சொன்னதும், “அந்த பேங்க் மெசேஜ் எல்லாம் உங்களுதுதானா தம்பி? எனக்கு யார் இவ்ளோ பணம் போடறாங்கன்னு பயந்துபோய் இருந்தேன்” என்றார். என் சம்பளம் கணக்கில் ஏறிய செய்தி இரண்டு மாதமும் எனக்கு முன்னால் அவருக்குப் போயிருக்கிறது. இனி வரும் ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். “அதை யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு ரேடியோவுல தினமும் சொல்றாங்களே தம்பி” என்று மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. அவர் நல்லவராக இருந்தது என் அதிர்ஷ்டம்.

வங்கிக் கிளையில் எண்ணை மாற்ற விண்ணப்பம் கொடுத்தேன். ஆதாரைச் சரிபார்க்க ஓ.டி.பி. வேண்டும் என்றார்கள், அந்த ஓ.டி.பி. திருவண்ணாமலைக்குப் போகும். ஆதாரில் எண்ணை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அதற்குப் புதிய எண் வேண்டும்; சிம் கடையில் விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். பத்தொன்பது ஆண்டு கயிறு இழுத்து, சிப்பிங் சுத்தியலால் துருவைத் தட்டி, காஸ்டிக் சோடாவில் தளம் கழுவிய விரல்கள் இவை. கண்ணாடியில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு எரிந்தது. கடைப்பையன் ஈரத்துணி கொடுத்தான், பிறகு தேங்காய் எண்ணெய் தடவிப் பார்க்கச் சொன்னான், எதற்கும் மசியவில்லை. கடைசியில் பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கினேன். ஆதார் மையத்தில் பதினோரு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அங்கே கருவிழியை வைத்து என்னை நான்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். வங்கியில் இன்னும் ‘மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்கிறார்கள். வருமான வரிக் கணக்கு, காப்பீடு, மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்த ஒரு கதவுக்குப் பின்னால் நிற்கின்றன.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலி நாச்சியாரை மணந்தபோது, உன்னைப் பிரிந்து இந்த ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று கோயில் மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு ஆரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்ட, இரண்டு கண்ணும் போயின. இடக்கண் காஞ்சியில் கிடைத்தது, வலக்கண் ஆரூரில் கிடைத்தது. ஒற்றியூரை விட்டுப் போனால் தண்டனை உண்டு, இழந்தது தவணை முறையில்தான் திரும்பும் என்று என் மனைவி இப்போது என்னைக் கேலி செய்கிறாள். எனக்கு ஆதார் வரை வந்திருக்கிறது. அதை இடக்கண் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஊர் திரும்புகிறவனுக்கு இதைத் தவிர வேறு வேலைகள் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கப்பலில் எனக்கு நாலு மணி முதல் எட்டு மணி வரையான வாட்ச், அதாவது காவல் முறை. வீட்டுக்கு வந்த பிறகும் விடியற்காலை மூன்றே முக்காலுக்குக் கண் திறந்துகொள்கிறது. என்ஜின் அதிர்வு இல்லாத படுக்கையில் முதல் பத்து நாள் சரியாகத் தூக்கமே வரவில்லை. மொட்டை மாடிக்கு ஏறினால், கிழக்கே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகள் தெரியும். எந்தக் கப்பலில் இப்போது யார் வாட்ச் நிற்பார் என்று எண்ணிக்கொண்டே வெளுக்கும் வரை நிற்பேன். பிறகு கீழே இறங்கி அடிபம்பில் தண்ணீர் அடிப்பேன். கடல்நீரைக் காய்ச்சி எடுத்த, உப்பும் ருசியும் இல்லாத தண்ணீரை ஒன்பது மாதம் குடித்தவனுக்கு அந்த முதல் குடம் பெரிய விஷயம். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது விட்டுப் போன மகள், இப்போது கல்லூரிக்குப் போகிறாள்; அவளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதை நான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் இல்லாத வீட்டுக்கு ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. அதைக் கலைக்காமல் உள்ளே நுழைய வேண்டும். அடுத்த கப்பலுக்கு முன் கிடைக்கும் மூன்று, நான்கு மாதம் இதற்கே போதாது. அதில் முப்பத்தாறு நாளை வரிசைகளில் நின்று கழித்திருக்கிறேன் என்பதுதான் என் மனக்குறை.

சட்டங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்றே தோன்றுகிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது. ஒரு மாலுமி தொடர்ந்து 12 மாதத்துக்குக் குறைவாகத்தான் கப்பலில் இருக்கலாம், அதற்குள் ஊருக்கு அனுப்பிவைக்கப்படும் உரிமை அவனுக்கு வந்துவிடும் என்பது அதன் விதி. அதாவது, பதினொரு மாதம் வரை ஒருவன் வீட்டில் இல்லாமல் இருப்பது சட்டப்படியே இயல்பானது. கொரோனா காலத்தில் அந்த வரம்பும் உடைந்தது. 2020இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க வழியின்றிக் கப்பலிலேயே கிடந்தார்கள். இப்படிப்பட்ட தொழிலில் இருப்பவனுக்கு 90 நாள் கணக்கு எந்த வகையில் பொருந்தும்? தேர்தல் சட்டத்தைப் பாருங்கள். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20ஆம் பிரிவில், வழக்கமாக வசிக்கும் இடத்தை விட்டுத் தற்காலிகமாக வெளியே போயிருப்பதாலேயே ஒருவர் அந்த இடத்தில் வசிப்பவர் அல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று இருக்கிறது. வாக்குக்கு இந்தப் பெருந்தன்மையைக் காட்டிய நாடு, கைப்பேசி எண்ணுக்கும் காட்டலாம். எண் என்பது இன்று பேசுவதற்கான கருவி மட்டும் இல்லையே. வீட்டுச் சாவி, கையெழுத்து, அடையாள அட்டை எல்லாம் அதுவாக ஆக்கிவைத்திருக்கிறோம்.

நான் கேட்பது ஒன்றுதான். மாலுமிகளின் கையில் சி.டி.சி. என்ற புத்தகம் இருக்கிறது. அரசு கொடுப்பது, புகைப்படம் உண்டு, எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தில், எந்தத் தேதியில் ஏறினோம், எந்தத் தேதியில் இறங்கினோம் என்று கேப்டன் கையெழுத்தோடும் முத்திரையோடும் பதிவாகும். வேறு எந்தத் தொழிலாளியிடமும் தன் இல்லாமைக்கு இவ்வளவு துல்லியமான சான்று கிடையாது. கிளம்பும்போது அதைக் காட்டினால், கைப்பேசி எண்ணை ஓர் ஆண்டுக்கு யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு நியாயமான ஒரு கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும். திரும்பி வந்து சைன் ஆஃப் முத்திரையைக் காட்டினால், ஓ.டி.பி. இல்லாமலே வங்கியில் எண்ணை மாற்றிக் கொடுக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற முத்திரையையே அதுபோல ஏற்கலாம்.

வியாசர்பாடி பி.வி. காலனியில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் தொழில்களையும் அரசே எடுத்துக்கொண்ட பிறகு, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களோடு அவருடைய தந்தையும் கப்பலேறி இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். கையில் இருந்தது கொஞ்சம் துணியும் ஒரு தாளும்தான் என்பார் நண்பர். அந்தத் தாளைக் காட்டித்தான் தந்தை இங்கே ஒவ்வொரு படியாக ஏறினாராம். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டிய அந்தத் தாளை இன்றும் பீரோவில் வைத்திருக்கிறார்கள். போன வாரம் என் கதையைக் கேட்டுவிட்டு அதை எடுத்துக் காட்டினார். நான் பதிலுக்கு என் சி.டி.சி.யைக் காட்டினேன்.

இந்தக் கடிதம் அச்சாகுமானால், கப்பலுக்குக் கிளம்பும் தம்பிகள் யாராவது படிப்பார்கள். விதி மாறும்வரை, வீட்டில் இருப்பவரிடம் சொல்லி மாதாமாதம் உங்கள் எண்ணுக்குக் குறைந்தபட்ச ரீசார்ஜாவது போட்டு வையுங்கள். முடிந்தால் சிம்மையே வீட்டில் விட்டுச் சென்று வாரம் ஒரு முறை அதிலிருந்து யாரையாவது அழைக்கச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு முன் வங்கியில் மனைவியின் எண்ணையும் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு நாளை காலை பத்தரைக்கு மீண்டும் வங்கிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கப்பல் மாலுமி ஒருவர்,
காலடிப்பேட்டை, சென்னை – 600 019.