ஆணி சும்மா இருக்கு

உ

அன்பு மகனுக்கு அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். அங்க நீ எப்படி இருக்கேன்னு தெரியலை. போன் போட்டா ‘ம்’, ‘சரி’, ‘கிளாஸ் இருக்கு’ன்னு மூணோட வச்சுடுற. அதான் எழுதுறேன். எட்டாப்போட நின்னு போன கை இது, பிழை இருந்தா சிரிக்காதே.

நேத்து கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் அருவா ஒண்ணு முடிச்சேன். ஒம்பது அடி. உங்கம்மாதான் சம்மட்டி. தோள்பட்டை வலின்னு ராத்திரி தைலம் தேச்சுக்கிறா, காலையில திரும்பவும் வந்து நிக்கிறா. கரி விலை ஏறிப்போச்சு. மத்தபடி திருப்பாச்சேத்தி அப்படியேதான் இருக்கு.

பொங்கலுக்கு நீ வந்துட்டுப் போனதுல இருந்து சாமி படத்துக்குக் கீழ இருக்கிற ஆணி சும்மா இருக்கு. வெள்ளையடிச்சப்ப நான்தான் எங்கயாச்சும் எடுத்து வச்சுட்டேனோன்னு தேடுனேன். அம்மாகிட்ட கேட்டா, எலி தூக்கிட்டுப் போயிருக்கும்ங்கிறா. சரி, அது கிடக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கலைன்னா வெளியில ரெண்டு இட்லியாச்சும் சாப்பிடு, காசு போட்டு விடுறேன்.

கத்தியைப் பத்திப் பொதுவா ஒண்ணு சொல்லி வைக்கிறேன், உனக்குத் தெரியாதது இல்லை. லாரிப் பட்டை இரும்புக்குத் துரு சீக்கிரம் ஏறும். தேங்கா எண்ணெய் தடவித்தான் வைக்கணும். ஈரத் துணி கிடக்கிற பைக்குள்ள போட்டு மூடி வைக்கக் கூடாது. கூட இருக்கிற பசங்க காட்டுடான்னு கேட்டா, எடுத்துக் காட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. பைக்குள்ள வைக்கவே கூடாது.

ஒம்பதாப்பு லீவுல நீ சக்கரம் சுத்தினது ஞாபகம் இருக்கா? துருத்திக்கு ஆள் வேணும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன், கத்துக் குடுக்கணும்னு இல்லை. நீயாத்தான் மிச்சப் பட்டையை எடுத்து உலையில வச்சே. முதல் கத்தியைத் தண்ணியில முக்குனே. டிங்குன்னு ஒரு சத்தம், நடுவுல விரிசல். நான் ஒண்ணும் சொல்லலை, நீ அன்னிக்குச் சோறு திங்கலை. ரெண்டாவதை வாய்ப்பக்கம் அடிச்சு அடிச்சு வளைச்சுட்டே. மூணாவதுக்கு எண்ணெயில தோய்ச்சல் போடச் சொன்னேன், போட்டே. கல்லுல தேச்சு, மறுபடி அனல்ல காட்டி, வைக்கோல் நிறம் வந்ததும் எடுன்னேன். நீ நிறம் மாறுற அழகைப் பாத்துக்கிட்டே நின்னுட்டே. ஊதா வந்துருச்சு, வாய் தொய்ஞ்சு போச்சு. நாலாவதுதான் அது. ஆறரை அங்குலம், வாகைப் பிடி. பூண் மட்டும் நான் போட்டுக் குடுத்தேன்.

இரும்பு எப்பப் பதமாகுதுன்னு நான் நிறத்தை வச்சுத்தான் பாப்பேன். 770 டிகிரியில காந்தம் ஒட்டாதுப்பா, அதுக்கும் கொஞ்சம் மேல போகணும்னு நீ எங்கயோ படிச்சுட்டு, ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில கட்டிக் காட்டுனே. எங்கப்பன் எனக்குச் சொன்னது எல்லாம் “உதிக்கிற சூரியன் மாதிரி இருக்கணும்டா” அவ்வளவுதான். அன்னிக்கு டீக்கடையில நாலு பேர்கிட்ட சொன்னேன். உன்கிட்ட சொல்லலை.

2025 தை மாசம், சிவகளையில கிடைச்ச இரும்பு 5,300 வருசத்துக்கு முந்தினதுன்னு சென்னையில அறிவிச்சப்ப போனைத் தூக்கிட்டு ஓடி வந்தியே. அப்ப இருந்தே நம்ம வேலை இருக்கான்னு கேட்டே. கூலியும் அப்ப இருந்தே ஏறலைடான்னு சொன்னேன். நல்லாச் சிரிச்சே. நீ அப்படிச் சிரிச்சு நான் அப்புறம் பாக்கலை.

பொங்கலுக்கு வந்தப்ப உதடு கிழிஞ்சிருந்துச்சு. பைக்ல பின்னாடி உக்காந்து போயி விழுந்துட்டேன்னே. பைக்ல விழுந்தா முட்டி தேயும், முழங்கை தேயும். ரூம் மாத்திக் கேட்டிருக்கேன்னும் சொன்னே. ஏன்னு நான் கேக்கலை. அம்மா கேக்கச் சொன்னா, ஆம்பளைப் பிள்ளை, அவனே பாத்துக்குவான்னுட்டேன்.

அருவா வாங்க வர்றவனை அதைத் தூக்கிப் பாக்கிற விதத்துலயே எனக்குத் தெரியும். விறகு வெட்டுறவன் பிடியைப் பாப்பான், எடையைக் கையில தூக்கிப் பாப்பான். மத்தவன் நீளத்தைப் பாப்பான், சட்டைக்குள்ள அடங்குமான்னு. உனக்கும் இதைச் சொல்லிக் குடுத்திருக்கேன். சொல்லிக் குடுத்துட்டு நான் என்ன செஞ்சேன்னும் நீ பாத்திருக்கே.

பத்தாப்புப் பரீட்சை லீவுல ராத்திரி எட்டு மணிக்கு வந்தானே ஒருத்தன். 800 ரூவா அருவாவுக்கு 2,000 குடுத்தான். 2021-ல போலீஸ் சொன்னதுல இருந்து வாங்குறவுங்க பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாம் நோட்டுல எழுதுறோம். “அப்பா, பேரு எழுதலையா?”ன்னு நீ கேட்டே. “சக்கரத்தைச் சுத்துடா”ன்னேன். அவன் சட்டையைத் தூக்குனதை நான் பாத்தேன், தம்பி. பாத்துட்டுத்தான் காசை வாங்குனேன். வட்டிக்காரன் மறுநாள் வர்றதா இருந்துச்சு.

பத்து நாள் கழிச்சு ஒரு பையனுக்கு ரெண்டு விரல் போச்சுன்னு பேப்பர்ல வந்துச்சு. பட்டறை பட்டறையா நோட்டைப் பாக்குறாங்கன்னு தெரிஞ்சதும் உன்னை உக்கார வச்சேன். பழைய தேதி, இல்லாத பேரு, தென்னந்தோப்பு வேலைக்குன்னு நான் சொல்லச் சொல்ல நீ எழுதுனே. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு சொல்லித்தான் எழுதச் சொன்னேன். அது பொய். என் கையெழுத்தா இருக்க வேணாம்னு நினைச்சேன். அப்ப உன் கையெழுத்தா இருந்தா பரவாயில்லையான்னு கேட்டா, இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பதில் இல்லை. எழுதி முடிச்சுப் பேனாவை மூடி வச்சுட்டுப் போனே. அப்புறம் நீ பட்டறைக்குள்ள வரலை. மதுரையில கிடைச்ச சீட்டை விட்டுட்டுக் கோயம்புத்தூர்தான்னு நின்னே. மகன் டிப்ளமா படிக்கிறான்னு நானும் ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன்.

அந்தப் பக்கத்தை நான் கிழிக்கலை. யாரும் என்னைக்காச்சும் கேட்டா அப்பா சொல்லி எழுதினேன்னு சொல்லிடு.

அம்மா முறுக்கும் பூண்டு ஊறுகாயும் குடுத்து விடுறா. அதோட தோல் உறை ஒண்ணு இருக்கும். தாத்தாவோட பழைய துருத்தித் தோல்ல தைச்சது. ஆறரை அங்குலத்துக்குச் சரியா இருக்கும், அளவு எனக்குக் கையிலயே இருக்கு. அது உன்கிட்ட இல்லைன்னா உறையைத் திருப்பிக் குடுத்துடு. இருந்தா அதுக்குள்ள போட்டு வை.

ரெண்டுல எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை காலையில நான் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்குறேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வந்து நில்லு.

அப்பா