நிலவில் ரவி இருக்கிறது, நம் கடலடிப் பார் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பேப்பரில் நிலவில் இருக்கும் இந்தியப் பெயர்களைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. சி.வி. ராமன், விக்ரம் சாராபாய், ஹோமி பாபா, ஆரியபட்டர், அப்புறம் சந்திரயான் 3 இறங்கிய சிவசக்தி. எல்லாம் சரி, நன்றாகவும் எழுதியிருந்தீர்கள். ஆனால் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. ரவி.

ஆமாம், வெறும் ரவி. இனிஷியல் கிடையாது, பட்டம் கிடையாது. நிலவின் நடுப்பகுதியில் அல்போன்சஸ் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அஷ்டமி, நவமி சமயத்தில் வெயிலும் நிழலும் பிரிகிற கோட்டுக்குப் பக்கத்தில், சின்னத் தொலைநோக்கியிலேயே அது தெரியும். அந்தப் பெரிய பள்ளத்தில்தான் இந்த ரவி கிடக்கிறது. அகலம் சுமார் 2.5 கிலோமீட்டர், நம் பாம்பன் சாலைப் பாலத்தை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருப்பதால் என் சின்னத் தொலைநோக்கியில் அது தனியாகத் தெரியாது. நாசாவின் எல்ஆர்ஓ கலம் 2009 முதல் நிலவைச் சுற்றி எடுத்த படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அதில்தான் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பு தெளிவாக இருக்கும் ஒரு சின்னக் கிண்ணம்.

இதை யார் பெயரில் வைத்தார்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு விழா மேடையில் பேசியவர், ரவி என்ற பெரிய இந்திய விஞ்ஞானியின் நினைவாக வைத்தது என்று அடித்துச் சொன்னார், பிள்ளைகளும் கை தட்டினார்கள். அது தப்பு. இந்தப் பள்ளம் எந்த ஒரு ரவிக்கும் சொந்தமில்லை. ரவி என்பது இந்திய ஆண் பெயர், அதனால் வைத்தோம் என்பதுதான் அதிகாரபூர்வமான விளக்கம். 1976இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒப்புக்கொண்ட பெயர். எங்கள் தெருவில் மட்டும் மூன்று ரவி உண்டு, ஒருவர் விசைப்படகு டிரைவர், ஒருவர் ஐஸ் உடைக்கிறவர், ஒருவர் ஒன்பதாம் வகுப்பு. மூன்று பேருக்கும் அதில் சம உரிமை.

ஏன் இப்படி வைத்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. பெரிய பள்ளங்களுக்கெல்லாம் 1651இலேயே இத்தாலியப் பாதிரியார் ரிச்சியோலி பெயர் வைத்துவிட்டார், அல்போன்சஸ் என்பதே வானியல் அட்டவணைகள் போடவைத்த பத்தாம் அல்போன்சோ என்ற ஸ்பெயின் தேசத்து ராஜாவின் பெயர்தான். சின்னக் குழிகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. பக்கத்துப் பெரிய பள்ளத்தின் பெயரோடு ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்து ஓட்டிவிட்டார்கள், இன்னார் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று சொல்வோமே அந்த மாதிரி. இன்றைக்கு ராமன் என்று சொல்கிற பள்ளம் முன்பு ஹெரடோட்டஸ் டி, சாராபாய் முன்பு பெசல் ஏ. அப்புறம் விண்கலங்கள் போக ஆரம்பித்தன. 1965 மார்ச் 24 அன்று ரேஞ்சர் 9 இதே அல்போன்சஸுக்குள் போய் மோதியது, மோதுவதற்கு முன் 5,814 படம் அனுப்பிவிட்டுத்தான் மோதியது. அப்பல்லோ படங்களும் சேர்ந்ததும், முன்பு புள்ளியாகக்கூடத் தெரியாத குழிகளை எல்லாம் காட்டுகிற பெரிய அளவு வரைபடங்களை நாசா போட்டது. வரைபடம் போட்டால் இதுதான் அது என்று சுட்டிச் சொல்ல ஒரு பெயர் வேண்டுமே. பெரிய பள்ளங்களுக்கு வைக்கிற அறிஞர்கள் பெயரை இத்தனை சின்னதுகளுக்கெல்லாம் செலவழிக்க முடியாது. அதனால் பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கும் சாதாரணப் பெயர்களை எடுத்து வைத்தார்கள். வேலைக்குத் தேவைப்பட்டது, பெயர் பிறந்தது.

ரவிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் பெயர்களைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மொனிரா, ஹோசே, சொராயா, சாங்-ங்கோ. மொனிரா அரபுப் பெண் பெயர், கீழக்கரைப் பக்கம் போனால் முனீரா. சொராயா பாரசீகப் பெயர், நமக்கு அது சுரையா. ஹோசே என்பது ஸ்பானிஷ் மொழியில் சூசை, தங்கச்சிமடத்தில் அந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாங்-ங்கோ சீனர்களின் நிலாத் தேவதை. ரவியும் முனீராவும் சூசையும் ஒரே பள்ளத்துக்குள் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள், நம் கடற்கரைத் தெருவை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்தது மாதிரி. ரவி என்றால் சூரியன், அந்தப் பெயர் நிலாவில் இருப்பது இன்னொரு அழகு.

இதை உங்கள் மாணவர் பக்கத்தில் போட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். இரண்டாவது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மண்டபத்தில் வலை, கயிறு விற்கிற கடை வைத்திருக்கிறேன். என் அப்பா நாட்டுப்படகில் போனவர். கடலுக்கு அடியில் பாறையும் பவளமும் மேடிட்டு மீன் கூடுகிற இடத்தை நாங்கள் பார் என்போம். அப்பாவுக்கு ஒவ்வொரு பாருக்கும் பெயர் தெரியும். முதலில் கண்டவர் பெயர், அங்கே மாட்டுகிற மீனின் பெயர், வலை கிழிந்த சம்பவத்தின் பெயர் என்று இருக்கும். கரையில் இரண்டு அடையாளம் பிடித்து, கோபுரமும் பனையும் எந்த இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று வருகிறது என்று பார்த்துப் படகை நிறுத்துவார். அப்புறம் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழம் எத்தனை பாகம் என்று எண்ணுவார், இரண்டு கையையும் விரித்த நீளம்தான் ஒரு பாகம். மேலே இழுத்ததும் குண்டில் ஒட்டிய மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்து, சல்லிதான் என்று தலையாட்டிவிட்டுத்தான் வலையை எடுப்பார். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட நான் பார்த்த எந்த அச்சு வரைபடத்திலும் இல்லை.

தீவுகளுக்காவது கொடுப்பினை இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பலவற்றுக்கும் இப்படி வேலையில் பிறந்த பெயர்கள்தான். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, முயல் தீவு, காரைச்சல்லி. குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதையே பெயராக வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன, ஆனாலும் பட்டியலில் பெயர் நிற்கிறது. பாருக்கு அந்தப் பட்டியலும் இல்லை.

போன மாதம் கடையில் ஒரு பையன் ஜிபிஎஸ் பெட்டியைக் காட்டினான். போகிற இடத்தையெல்லாம் அதில் பதிந்து வைத்திருக்கிறான், நல்ல விஷயம்தான், இருட்டிலும் தவறாமல் போய்ச் சேரலாம். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு புள்ளியைத் தொட்டு, இது எந்தப் பார் தம்பி என்று கேட்டார். அவன் "நாற்பத்தொண்ணு தாத்தா" என்றான். பெரியவர் கண்ணைச் சுருக்கி எண்களைப் படித்து, கரையின் அடையாளத்தை மனசுக்குள் கணக்குப் போட்டு, பெயரைச் சொன்னார். அவருடைய தகப்பனார் காலத்துப் பெயர். பையன் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அங்கேயே நின்று பெட்டியில் 41ஐ அழித்துப் பெயரை அடித்தான், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

யாரும் போய் வசிக்காத நிலவில் இரண்டரை கிலோமீட்டர் குழிக்கு ஒரு பதிவேடு இருக்கிறது, எந்த ஆண்டு வைத்தது, எந்த மொழிப் பெயர் என்று வரி வரியாக. அதைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. அதையே நம் பாருக்கும் செய்யலாம் என்கிறேன். உங்கள் பேப்பரில் வாரம் ஒரு பார் என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள், தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இடத்தைக் கேட்காதீர்கள், அது அவரவர் பிழைப்பு, சொல்லவும் மாட்டார்கள், சொன்னாலும் அச்சில் போடக் கூடாது. பெயரையும் அது எப்படி வந்தது என்பதையும் மட்டும் கேட்டால் போதும்.

நான் கடையில் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை இருபத்து மூன்று பெயர் சேர்ந்திருக்கிறது. உங்கள் நிருபர் மண்டபம் பக்கம் வந்தால் தருகிறேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்குக் கடை லீவு.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்