வெந்நீர் மைனரை நினைவிருக்கிறதா?

பாலக்கோடு
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

நலம். ஐந்து மாதமாக எழுதாததற்குத் திட்டுவதென்றால் கடைசி வரிவரை படித்துவிட்டுத் திட்டு. தக்காளி விலையைப் பற்றிக் கேட்காதே, வாய் கெட்டுப்போகும். என் முழங்கால் உன் முழங்காலைவிட மோசம்.

விஷயம் என் தங்கை பேரனைப் பற்றியது. எட்டு வயது. தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கொல்லையில் அவனுக்கு எண்ணெய்க் குளியல். தங்கை சீயக்காய் தேய்த்து நாலைந்து சொம்பு வெந்நீர் ஊற்றியிருப்பாள். பையன் சொம்பைப் பிடுங்கித் தானே தலையில் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை. கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது. உதட்டில் ஒரு மாதிரிச் சிரிப்பு, வாய்க்குள் முணுமுணுப்பு. "போதும்" என்று இரண்டு முறை அதட்டினேன். பிறகு முதுகில் ஒன்று வைத்தேன். ஆமாம், அடித்தேன். சற்று நேரம் கழித்துத் திரும்பி, "தாத்தா, முதுகு ஏன் எரிகிறது?" என்றான்.

காற்று கருப்பு என்று கயிறு கட்டினார்கள். இங்கே ஒரு மருத்துவர் மூளையின் மின் அலைகளைப் பதிவு (ஈ.ஈ.ஜி.) எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, பிடிவாதம்தான் என்று அனுப்பிவிட்டார். மாசியில் குளிக்கும்போதே விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. அதன் பிறகுதான் ராயக்கோட்டை, ஓசூர் வழியாக பெங்களூரில் மூளை, நரம்பு நோய்களுக்கான நிமான்ஸ் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே ஓர் இளம் மருத்துவர் கேட்டதெல்லாம் குளியலைப் பற்றித்தான். தலைக்கு ஊற்றும்போதா, உடம்புக்கா? சொம்பாலா? எவ்வளவு சூடு? கடைசியில், "வெந்நீர் வலிப்பு" என்றார். தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தில், நிறையப் பேருக்கு உண்டாம். 40 முதல் 50 டிகிரி வரை சூடான நீரைத் தலையில் மடமடவென்று ஊற்றுவதே இதைக் கிளப்பிவிடுகிறது. முதன்முதலில் பதிவானது 1945-இல், நியூசிலாந்தில். சிலருக்கு அந்த நேரத்தில் ஓர் இன்பம் தோன்றுமாம், அதனால்தான் விடாமல் ஊற்றிக்கொள்கிறார்கள். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் பதிவு பலருக்குச் சாதாரணமாகவே இருக்குமாம். வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நினைக்காதீர்கள், காரணமில்லாத சிரிப்பாக, மயிர்க்கூச்செறிவாக, வயிற்று வலியாகக்கூட வரும் என்றார்.

இப்போது வெதுவெதுப்பான தண்ணீர்தான். தலைக்கு ஈரத்துணி. தலைக்குக் குளிக்கிற நாளில் ஒன்றரை மணி நேரம் முன்பே ஒரு மாத்திரை. மூன்று மாதமாக ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது ஓசூர் தாண்டியதும் எனக்கு நம்மோடு படித்த மாணிக்கம் ஞாபகம் வந்துவிட்டது. விடுதிச் சமையற்கட்டுக்குப் பின்னால் அந்த அண்டா. சனிக்கிழமைதோறும் அவன் ஊற்றிக்கொண்டே நிற்பான், அதே சிரிப்பு. 'வெந்நீர் மைனர்' என்று பெயர் வைத்தவன் நீ, ஊரெல்லாம் பரப்பியவன் நான். வார்டன் பிரம்பால் அடித்தபோது நாம் ஜன்னலில் தொற்றிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்போடு அவன் படிப்பை விட்டு நின்றுபோனான். ஏன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவனுக்கும் இதுதான் என்று சத்தியம் செய்ய நான் மருத்துவன் அல்ல. ஆனால் அந்தக் கண்ணை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், முருகேசா, இரண்டு முறையும் சேட்டை என்றே நினைத்தேன்.

மாணிக்கத்தின் அக்காவைப் பென்னாகரம் பக்கம் கொடுத்திருந்தார்கள். உன் மைத்துனர் அங்கேதானே இருக்கிறார்? விசாரித்து எழுது. இருக்கிற இடம் தெரிந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். பஸ் டிக்கெட் என் செலவு.

உன்,
சண்முகம்