டச்பே கரையிலிருந்து நண்பனுக்கு

திருகோணமலை
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்குக் கட்டாரிலிருந்து வந்திருப்பதால் வீட்டில் ஆறுதலாக உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. காலையில் கோணேசர் கோயில், திரும்பும் வழியில் கோட்டைக்குள் மான் பார்ப்பது, ஒருநாள் கன்னியாவில் ஏழு கிணறுகளிலும் மாறி மாறி அள்ளிக் குளித்தது, மாலையானால் டச்பே என்று பொழுது போகிறது. கச்சான் காற்று இன்னும் அனலாகத்தான் வீசுகிறது என்றாலும் கடல் குளம்போலக் கிடக்கிறது.

"இந்த வயதில் உலகச் செய்திகளைப் பார்த்து மனத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் பேரப்பிள்ளைகளோடு சந்தோஷமாக இரு" என்று எழுதியிருந்தாய். உன் அக்கறை எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த இரண்டையும் என்னால் பிரித்து வைக்க முடியவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை சின்னவள் சிப்பி பொறுக்கி என் சாரத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, சீனக்குடா விமானப்படைத் தளத்திலிருந்து எழும்பிய பயிற்சி விமானமொன்று தாழப் பறந்து போயிற்று. கையிலிருந்ததை மணலில் கொட்டிவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டவள், "அம்மப்பா, இதுவும் குண்டு போடுமா?" என்று கேட்டாள். அவளுக்கு ஏழு வயது.

ஜூன் 23ஆம் திகதி இரவு நாங்கள் படுக்கப்போகும் நேரத்தில் மகள் தோகாவிலிருந்து அழைத்ததை உனக்கு அப்போது நான் எழுதவில்லை. வானத்தில் நெருப்புக் கோடுகள் ஓடுவதாகவும் யன்னல் கண்ணாடிகள் அதிர்வதாகவும் சொன்னாள். பின்னால் பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டது. ஈரானின் அணு நிலையங்களை அமெரிக்கா தாக்கியதற்குப் பதிலாக, கட்டாரில் அமெரிக்கப் படைகள் தங்கியிருக்கும் அல் உதெய்த் விமானத் தளத்தின்மீது ஈரான் ஏவுகணைகளை ஏவிய இரவு அது. இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் இடையே மூண்ட அந்தச் சண்டையில் கட்டார் எந்தப் பக்கமும் நிற்கவில்லை; அதன் மண்ணில் வேறொருவரின் தளம் இருந்தது, அவ்வளவே. உயிர்ச்சேதம் நேரவில்லை என்பது பெரிய ஆறுதல் என்றாலும், குழந்தையின் மனத்தில் விழுந்த அடியை எந்தக் கணக்கில் எழுதுவது?

அன்றிரவு எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தைத் தாக்கியபோது அவருக்குப் பத்து வயது. மாட்டு வண்டியில் தம்பலகாமத்துக்கு ஓடிய கதையையும், எரிந்த எண்ணெய்க் குதத்தின் கரும்புகையைத் தொலைவிலிருந்து பார்த்ததையும் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஜப்பானோடு திருகோணமலைச் சனத்துக்கு என்ன பகை இருந்தது? நல்ல ஆழமான துறைமுகத்தின் கரையில் பிறந்ததுதான் அவர்களுடைய குற்றம்.

அந்தக் காலத்து எண்ணெய்க் குதங்களில் மிஞ்சிய 99உம் இன்றும் சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கின்றன. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி அவற்றில் 61 இந்திய நிறுவனத்துடன் சேர்ந்து அபிவிருத்தி செய்யப்பட வேண்டியவை. இந்த ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் நமது ஊரை எரிசக்தி மையமாக்குவதற்குக் கைச்சாத்திட்டுள்ளன. நான் இதை எதிர்க்கவில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாகக் கிடந்தவன் குதங்களில் எண்ணெய் நிரம்புவதை வெறுக்க முடியாது, நம் பொடியன்களுக்கு வேலையும் வேண்டும். ஆனால் வணிகத்துக்கென்று திறக்கும் கதவால் எந்த நாட்டின் போர்க்கப்பலும் நிரந்தரமாக உள்ளே வந்துவிடக் கூடாது. அது டில்லியாக இருந்தாலும் சரி, பீஜிங்காக இருந்தாலும் சரி, வொஷிங்டனாக இருந்தாலும் சரி. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டுமென்று 1971இல் ஐக்கிய நாடுகள் சபையில் தீர்மானம் கொண்டுவந்தது நமது நாடுதான். அந்தக் குரலை நாம் ஏன் இப்படித் தாழ்த்திக்கொண்டோம் என்பதுதான் என் மனக்குறை. உடன்படிக்கைகள் எழுதப்படும்போது இந்த ஊர்ச் சனத்திடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

காசாவைப் பற்றி எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். அங்கே பஞ்சம் நிலவுகிறதென்று நேற்று முன்தினம் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் உணவு லொறிகள் காத்து நிற்கப் பிள்ளைகள் பட்டினியால் சாவது இயற்கையின் பஞ்சம் அன்று, மனிதர் செய்த கொடுமை. 2006 ஆகஸ்டில் போருக்கு அஞ்சி மூதூர்ச் சனம் கைக்கு அகப்பட்டதோடு கந்தளாய்ப் பக்கம் நடந்ததைப் பார்த்த கண்கள் நமக்கு. யூதரா முஸ்லிமா என்று பிரித்துப் பேசும் நம்மவர் சிலரைக் காணும்போது வாய் அடைத்துப் போகிறது.

மகள் வெள்ளிக்கிழமை புறப்படுகிறாள். கருவாட்டையும் மிளகாய்த்தூளையும் மணம் வெளியே வராதபடி நாலு சுற்றுப் பொலித்தீனில் கட்டிக்கொண்டிருக்கிறாள். சின்னவள் தன் சிப்பிப் பையை அம்மாவிடம் கொடுக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அவர்கள் தோகாவில் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்ததும் உனக்கு அறிவிக்கிறேன். சித்திரைக்கு வருவதாகச் சொன்னாயே, மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்