சூடேறி நின்ற வண்டியும் ஹெட் வேலையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பொள்ளாச்சி வால்பாறை ரோட்டில் இருக்கும் நம் கார் ரிப்பேர் ஷெட்டை உங்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அப்பா காலத்து அம்பாசடரை இங்கே விட்டவர்கள் இன்று பேரனின் காரையும் இங்கேதான் விடுகிறார்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். சிலர் அதை எனக்கே அனுப்பி, “என்னங்க இது?” என்று கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி. கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். “தண்ணி ஓஸ் கிழிஞ்சதுக்கு என்ஜின் ஹெட்டையே கழட்டி பில்லு போட்டுட்டாங்க, அதுவும் சொல்லாமக் கொள்ளாம” என்பதுதான் அதில் உள்ள விஷயம். (தண்ணி ஓஸ் என்பது ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்; ஹெட் என்பது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்.) அதில் பேசியவர் யார், என்ன வண்டி என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அவரும் நம் வாடிக்கையாளர்தான். குடும்பத்தோடு மலையேறும்போது வண்டி நின்றுபோனால் யாருக்கும் கோபம் வரும்.

பில் தொகை பற்றிய பேச்சு எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை. ‘சொல்லாமக் கொள்ளாம’ என்ற சொல்தான் தூங்கவிடவில்லை. இந்த ஷெட்டில் ஹெட் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால் உரிமையாளரிடம் பேசாமல் யாரும் வேலையைத் தொடுவதில்லை. அந்த வண்டிக்கும் அப்படித்தான் பேசினோம். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் காட்டிய எண்களைப் போட்டோ எடுத்து அனுப்பினோம். ஹெட்டை எடுத்தால் என்ன செலவு வரும், ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது) மட்டும் போதுமா, ஹெட்டையே மாற்ற வேண்டி வருமா என்பது கழற்றிய பிறகுதான் தெரியும் என்பதையும் சொன்னோம். “சரி, பாருங்க” என்று பதில் வந்த பிறகுதான் கழற்றினோம். அவர் பக்கம் பதற்றம் இருந்தது, வீட்டில் வேறு பிரச்சினைகள் இருந்திருக்கலாம், சொன்னது மனதில் நிற்காமல் போயிருக்கலாம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் செய்தோம் என்பது மட்டும் நடக்காத விஷயம்.

அடுத்தது, ஓஸா ஹெட்டா என்கிற கேள்வி. இரண்டும்தான். ஓஸ் கிழிந்தது காரணம், ஹெட் வளைந்தது அதனால் வந்த வினை. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். முதல், இரண்டாவது கியரில் ஏசியோடு ஏறும்போது என்ஜினுக்கு வேலை அதிகம், எதிர்க்காற்று குறைவு. அந்த நேரத்தில் ஓஸ் கிழிந்து, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொட்டிவிட்டால், வெடிப்பு நடக்கிற அறையைச் சுற்றியுள்ள சூட்டை எடுத்துப்போக ஒன்றுமே இல்லை. இன்றைய கார்களில் ஹெட் அலுமினியம். இரும்பைவிட அலுமினியம் சூட்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். போல்ட் போட்டு இறுக்கிய ஹெட்டுக்கு விரிய இடமில்லை, அதனால் வளைகிறது. நேர்ப்பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்தால் பல என்ஜின்களில் 0.05 மி.மீ. அளவுக்குத்தான் வளைவை அனுமதிக்கிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய அளவு அது. அதைத் தாண்டினால், ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் பிடிப்பதில்லை.

“முள்ளு நடுவுலதான் இருந்துச்சு, ஹீட்டே ஆகல” என்று அந்த ஆடியோவில் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. முள் அப்படித்தான் காட்டியிருக்கும். டெம்பரேச்சர் சென்சார் கூலன்ட்டில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் மொத்தமும் வெளியே போய்விட்டால் சென்சார் வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கிக்கூட வரலாம். பல புது வண்டிகளில் முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். அதனால் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். இனிப்பு கலந்த மாதிரி ஒரு சூட்டு வாசம், பானட் இடுக்கில் ஆவி, ஏசி திடீரென்று குளிராமல் போவது, ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் இருப்பது, இதில் ஒன்று வந்தாலும் ஓரம்கட்டிவிடுங்கள்.

சூடேறிய வண்டி அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்தால் நாங்கள் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை, சத்தத்தைக் கேட்கிறோம். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று மட்டும் வந்தால் பெரும்பாலும் பேட்டரி, கேபிள் அல்லது என்ஜினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டார். வண்டி நின்ற பிறகும் சாவியை ஆனில் வைத்து ரேடியேட்டர் ஃபேன் ரொம்ப நேரம் ஓடினால் பேட்டரி இறங்கிவிடும். செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக விர்ரென்று சுற்றி, ஆனால் பிடிக்கவே இல்லை என்றால் கம்ப்ரஷன் போயிருக்கலாம். அந்த வண்டி அப்படித்தான் சுற்றியது. கேஜில் 150 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தின் அளவு) மேல் காட்ட வேண்டிய இடத்தில், நடுவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சிலிண்டர்களும் 60-ஐத் தாண்டவில்லை. இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் எரிந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஓஸை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் அந்த வண்டி ஷெட் வாசலைக்கூடத் தாண்டியிருக்காது.

மூன்றாவது சத்தம்தான் எங்களுக்கும் பயம். டக் என்று ஒரே ஒரு இடி, அதோடு நின்றுவிடும். அது சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், என்ஜின் இறுகி சீஸ் ஆகியிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தாலோ, வண்டியைத் தள்ளி கியரில் விட்டாலோ பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றினால்தான் தண்ணீர் வெளியே வரும். அதனால்தான் போன் செய்கிறவர்களிடமெல்லாம் “இன்னொரு தடவை செல்ஃப் அடிக்காதீங்க” என்று கெஞ்சுகிறோம்.

எல்லா வண்டியும் ஹெட்டில்தான் போய் முடிகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஓஸில் இருந்து பீய்ச்சிய தண்ணீர் இக்னிஷன் காயிலில் பட்டு ஸ்டார்ட் ஆகாமல் வந்த வண்டிகளை, துடைத்துக் காயவைத்து, ஓஸுக்கும் கூலன்ட்டுக்கும் மட்டும் பணம் வாங்கி அனுப்பியிருக்கிறோம். என்ஜின் சுற்றுவதைக் கண்டுகொள்ளும் கிராங்க் சென்சார் சூட்டில் மயங்கி, ஆறியதும் தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டிகளும் உண்டு. அவர்கள் யாரும் ஆடியோ போடவில்லை. போடவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

ஹெட் வேலைக்கு ஏன் இவ்வளவு ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேஸ்கெட் செட் விலை ஏறிவிட்டது. நிறைய என்ஜின்களில் ஹெட் போல்ட்டை ஒரு முறை இறுக்கினால் இழுபட்டுவிடும், மறுபடி போடக்கூடாது. ஃபேசிங் நம்மிடம் இல்லை, லேத் பட்டறைக்குப் போக வேண்டும், அங்கே வரிசை இருக்கிறது. டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால் பெல்ட்டைக் கழற்றாமல் ஹெட்டை எடுக்க முடியாது. அப்போதே வாட்டர் பம்ப், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இரண்டையும் பார்த்துவிடுவதுதான் நல்லது. அதை விட்டுவிட்டு ஹெட்டை மட்டும் போட்டுக் கொடுத்தால், அடுத்த ஏற்றத்தில் மறுபடி அதே கதைதான். கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைத்துத்தான் வண்டியைக் கொடுக்கிறோம், பார்த்திருப்பீர்கள்.

வழியில் வண்டி சூடேறினால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி என்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும், அது பார் கணக்கில் அழுத்தம். அந்த அழுத்தத்தில்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். கை சுட்டு வந்தவர்களை இந்த வாசலில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முக்கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். ஓடைத் தண்ணீரை அப்படியே சூடான என்ஜினில் ஊற்றுவதும் வேண்டாம், ஹெட்டில் விரிசல் விட்டுவிடும். ஆறிய பிறகு ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அதற்கு மேல் சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

இந்த ஆடியோவைக் கேட்ட பிறகும் வண்டியை இங்கேயே விட்டவர்களுக்கும், “நாங்க இருக்கோம், கவலைப்படாதீங்க” என்று கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனவர்களுக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் பசங்க அன்று வேலை செய்த உற்சாகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மனமார்ந்த நன்றி.

இனிமேல் ஹெட் வேலை என்றால் உங்கள் ஒப்புதலை எழுத்தில், மெசேஜாகவாவது வாங்கிக்கொண்டுதான் கழற்றுவோம். வரும் 1ஆம் தேதி முதல் சூடேறி வரும் வண்டிகளுக்குப் பரிசோதனைக் கட்டணம் 900 ரூபாய், வேலையை இங்கேயே செய்தால் பில்லில் கழித்துவிடுவோம். எலக்ட்ரிகல் பார்த்த தம்பி கோயம்புத்தூர் போய்விட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு ஆள் அனுப்ப முடியாது.

விடுமுறைக்கு வால்பாறை கிளம்புகிறவர்கள் ஓஸ், மூடி, ஃபேன், கூலன்ட் இவற்றை ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள், அதற்குக் காசு வேண்டாம். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டால், காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து பார்த்து, நீங்கள் கிளம்பும் நேரத்துக்குத் தயாராக வைத்திருப்போம்.

அன்புடன்,
ஷெட் உரிமையாளரும் பணியாளர்களும்
வால்பாறை ரோடு, பொள்ளாச்சி