விடை தெரிந்தபின் எல்லாம் எளிது

ஆசிரியர் அவர்களுக்கு,

பல அடுக்குகள் கொண்ட புதிய பொட்டலப் படலம் (பொருள்களைப் பொதியும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டால், "பழைய அடுக்குகளை ஒட்டியதுதானே?" என்று தள்ளிவிடுவது சுலபம். விடை தெரிந்தபின் எந்த விடுகதையும் எளிதுதான். சட்டம் கேட்பது வேறு: விண்ணப்பித்த நாளில், அத்துறையில் சராசரித் தேர்ச்சியுள்ளவருக்கு அந்தச் சேர்க்கை இயல்பாகத் தோன்றியிருக்குமா?

ஈவிஓஎச் என்ற பாலிமர் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும். ஈரம் ஏறினால் அந்தத் திறன் சரியும். எனவே அதை ஈரத்தைத் தடுக்கும் பாலிஎத்திலீன் அடுக்குகளுக்கு நடுவே வைப்பது நெடுநாள் வழக்கம். இரண்டும் தாமாக ஒட்டாதவை என்பதால் இடையில் ஒரு பிணைப்பு அடுக்கும் உண்டு. இதையே இன்று புதிது என்று கொண்டுவந்தால் நிராகரிக்கத்தான் வேண்டும். தடிமனைச் சற்றே மாற்றிவிட்டு உரிமை கேட்பவருக்கும் அதே பதில்தான். ஆனால் அந்த மாற்றத்தால் தடுப்புத்திறன் எவரும் எதிர்பாராத அளவு கூடியதைச் சோதனை எண்களோடு காட்டினால் நிலைமை மாறுகிறது. பழைய ஆவணங்களே அவ்வழியை வேண்டாமென்று சொல்லியிருந்தால் அவர் தரப்பு இன்னும் வலுப்பெறும்.

அறிந்தவற்றைச் சேர்த்து எதிர்பார்த்த பலனையே பெறுவது பெரும்பாலும் வெளிப்படையானதே, அதாவது காப்புரிமைக்குத் தகுதியற்றதே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் கூறியது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கார் மிதி பற்றிய வழக்கு. பாலிமர்கள் அவ்வளவு சொன்னபடி கேட்பவை அல்ல! நிராகரிக்கும் அதிகாரி, இவற்றைச் சேர்க்க ஒருவரை எது தூண்டியிருக்கும் என்பதை எழுத்தில் விளக்கட்டும். அதே தீர்ப்பு அதையும் கேட்கிறது.

– ஒரு வாசகர்