செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: பங்குனி முதல் வைகாசி வரை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், கோபிசெட்டிபாளையத்து வெயிலைப் பொருட்படுத்தாமல் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஜூனில் எடுத்த முடிவு நினைவிருக்கும். மாதா மாதம் கூட்டம் என்று அறிவித்துவிட்டுக் காலி நாற்காலிகளுக்குச் சொற்பொழிவு நடத்த வேண்டாம்; பங்குனி, சித்திரை, வைகாசியில் வரும் நினைவு நாட்களை மட்டும் ஒழுங்காகச் செய்வோம்; கொங்கு நாட்டோடு ஒட்டுறவு உள்ளவற்றுக்கே முதலிடம் என்றோம். மாசி வரை நடந்தவை வழக்கமான வேலைகள்தான். அவற்றை இங்கே நீட்டவில்லை.

“ககாரின், டைட்டானிக், சாப்ளின்னு எவ்வளவு இருக்குது, ஏனுங்க நம்மூர்க்காரங்களே?” என்று இளைஞர் அணி கேட்டது. ககாரின் விண்வெளிக்குப் போன ஏப்ரல் 12, டைட்டானிக் மூழ்கிய 15, சாப்ளின் பிறந்த 16 ஆகிய நாட்களைக் காலையில் கைபேசியே சொல்லிவிடுகிறது. கோவையின் சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட்டை அது சொல்வதில்லை. நிர்வாகக் குழுவின் பதில் அவ்வளவுதான். இருந்தாலும் 16ஆம் தேதி மாலை குழந்தைகளுக்காகச் சாப்ளினின் குறும்படங்கள் போட்டோம். பெரியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

மார்ச் 23 ஞாயிறு, ஜி.டி. நாயுடு பிறந்த நாள். 1893இல் கோவைக்குப் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். பேச வந்த ஓய்வுபெற்ற மெக்கானிக், மோட்டார் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். பகத்சிங் தூக்கிலிடப்பட்டதும் 1931இல் இதே தேதியில்தான். அதற்காகத் தொடக்கத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம்.

இவ்வாண்டின் பெரிய கூட்டம் ஏப்ரல் 13. மறுநாள் சித்திரைக் கனிக்குப் பழம் வாங்கப் போகிற மாலையில் யார் வருவார்கள் என்று பொருளாளர் கவலைப்பட்டார். கூடம் நிறைந்துவிட்டது. 1924 ஏப்ரல் 13இல்தான் ஈரோட்டுப் பெரியார் வைக்கம் போய்ச் சேர்ந்தார். கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக்கூடாது என்ற தடையை எதிர்த்த போராட்டம் அது. கேரளத் தலைவர்கள் சிறைக்குப் போனதும் இவருக்கு அழைப்பு வந்தது. போனவர் இரண்டு முறை சிறைப்பட்டார். அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் களத்தில் நின்றார்கள். 2024 டிசம்பரில் வைக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட நினைவகத்தை இரு மாநில முதல்வர்களும் திறந்துவைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

சரியாக ஆறு ஆண்டு கழித்து, 1930இல் அதே ஏப்ரல் 13 அன்று, சேலத்தில் வக்கீலாக இருந்து திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தி ஆசிரமம் அமைத்த ராஜாஜி, திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடக்கத் தொடங்கினார். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்ததும் 1919இல் இந்தத் தேதியில்தான். ராஜாஜியோடு நடந்த தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் மிரட்டியும் ஊர்கள் சோறு போட்டன. ஏப்ரல் 30இல் உப்பெடுத்தார்கள். வழிநடைப் பாட்டு நாமக்கல் கவிஞருடையது. போதாததற்கு, அவர்கள் கிளம்பிய அதே நாளில்தான் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பிறந்தார்.

ஒரே மேடையில் பெரியாரும் ராஜாஜியும் என்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூத்த உறுப்பினர்கள் இருவர், 1953இல் ராஜாஜி கொண்டுவந்து பெரியார் எதிர்த்த குலக்கல்வித் திட்டம் வரை போய்விட்டார்கள். மைக்கை வாங்கிவைக்க நேர்ந்தது. அப்புறம் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வீடு திரும்பினார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். அடுத்த ஆண்டும் இந்தக் கூட்டத்தை இதே போல வைக்கலாம் என்பது என் கருத்து.

ஏப்ரல் 17 தீரன் சின்னமலை பிறந்த நாள். மாலை போடப் பல அமைப்புகள் இருப்பதால் நாம் பள்ளி மாணவர்களுக்குச் சங்ககிரிக் கோட்டையின் படங்களைக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டோம்.

மறுநாள் 18, சாமிக்கண்ணு வின்சென்ட் 1883இல் கோவையில் பிறந்த நாள். இவ்வாண்டு அது புனித வெள்ளியாக அமைந்துவிட்டது. அவர் கிறித்தவர், ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியதும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப்படம். அந்த நாளில் கூட்டம் வேண்டாம் என்று, அவர் மறைந்த 22ஆம் தேதிக்கு மாற்றினோம். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். பணமும் நிரந்தரச் சம்பளமும் போகிறதே என்று வீட்டில் என்ன பாடுபட்டார்களோ! கூடாரம் போட்டுப் படம் காட்டியபடி ஊர்கள் பல சுற்றி, 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவின் ஆரம்பகால நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று. பின்னாளில் அது டிலைட் ஆனது. வெரைட்டி ஹால் ரோட்டில் கடைக்குப் போய் வரும் நம்மவர்களில் பலருக்கு அந்த ஹால் எது என்றே தெரிந்திருக்கவில்லை. இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் எனக்கு மிகவும் நிறைவு தந்த கூட்டம் இதுதான்.

ஏப்ரல் 26, ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1920இல் 32 வயதில் மறைந்த நாள். அவர் பெயரோடு வழக்கமாகச் சொல்லப்படும் டாக்சி எண் 1729ஐ யாரும் சொல்லக்கூடாது என்று கணக்காசிரியை முதலிலேயே தடைபோட்டார். குழந்தைகளிடம் ஐந்தைந்து புளியங்கொட்டைகள் கொடுத்து எத்தனை விதமாகக் குவியல் பிரிக்கலாம் என்று கேட்டார். ஏழு விதம். பத்துக் கொட்டை என்றால் 42. நூறு என்றால் 19,05,69,292. இப்படிப் பெருகுவதைத்தான் ராமானுஜனும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் ஒரு சூத்திரத்துக்குள் பிடித்தார்கள் என்றதும் கூடம் அமைதியானது. கொட்டைகளைப் பெருக்கி அள்ளியது நானும் துணைச் செயலாளரும்.

மே 23 திரைப் பாடலாசிரியர் உடுமலை நாராயண கவி நினைவு நாள். கோடை மழையில் மின்சாரம் போய்விட, பாடல்களை உறுப்பினர்களே பாடினார்கள். சுருதி பற்றிக் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

இனி வரும் ஆண்டு. 1976 மே 14இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’க்கு 2026 மே மாதத்தில் ஐம்பது நிறைகிறது. இளையராஜாவின் முதல் படம். சூலூர்ப் பக்கத்துச் சிவகுமார் நடித்தது. படப்பிடிப்பு மாயாற்றங்கரைத் தெங்குமரஹாடாவில். அந்த ஊருக்கே போகலாம் என்பது இளைஞர் அணியின் தீர்மானம். புலிகள் வாழும் காட்டு வழி, வனத்துறை அனுமதி வேண்டும், ஆற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். முடியாவிட்டால் முறைப்படி உரிமை கேட்டு இங்கேயே திரையிடலாம். இரண்டில் எது என்று இன்றைய கூட்டம் முடிவு செய்ய வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களை நான் வாசிக்கப் போவதில்லை. டீ இடைவேளையில் அவரைப் பார்த்துவிடுங்கள்.

செயலாளர்
கோபிசெட்டிபாளையம்